அன்னூர்ப் படக்காரருடன் இரண்டு நாள்

கோயம்புத்தூர்க் காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி, கோவில்பாளையம், கணேசபுரம் வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் சாலையும், அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் அமைந்த ஊர் அன்னூர் என்பதையும், அன்னி என்ற வேடனின் பெயரால் அன்னியூர் என வழங்கிப் பின்னர் இவ்வாறு குறுகியதென்று மன்னீஸ்வரர் கோயில் தலக்கதை சொல்வதையும் நான் முன்பே அறிந்திருந்தேனாயினும், அந்த நாற்சந்தியில் அதிகாலை மூன்றரை மணிக்கு எந்தக் கடைகள் விழித்திருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்று தேநீர்க் கடை. அதற்கடுத்தது போட்டோ ஸ்டூடியோ.

அதன் உரிமையாளர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். பதினேழாம் வயதில் இத்தொழிலுக்கு வந்தவர். தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதாலும், சுற்றுவட்டாரம் முழுவதும் அவரைப் ‘படக்காரரு’ என்றே அழைப்பதாலும் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். இரவு முழுவதும் மின்னேற்றிய பேட்டரிகளையும் இரண்டு கேமராக்களையும் பிளாஷ் விளக்குகளையும் பையில் அடுக்கிய பிறகு, ஒரு சீப்பு, ஒரு கைக்கண்ணாடி, ஒரு கொத்து ஊக்கு ஆகியவற்றையும் அவர் மறவாமல் எடுத்து வைத்ததைப் பார்த்து, இவை எதற்கு என்று கேட்டேன். “முந்தானை நழுவி நிக்கிற பொம்பளைகளைப் படமெடுத்துட்டு, அப்பறம் ஆல்பத்துல பாத்து அவிய வருத்தப்பட்டா அது எந்தப்புங்க” என்றார்.

அன்றைய அவுட்டோர் ஒரு கல்யாணம். ஸ்டூடியோவுக்கு வெளியே போய் எடுக்கும் வேலை எதுவானாலும் இத்தொழிலாளர் பாஷையில் அவுட்டோர்தான். வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட் எடுக்க ஓர் இளைஞர் எனத் துணைக்கு இருவர். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சடங்குகளின் வரிசை நீண்டது. அருமைக்காரர் எனப்படும் பெரியவர் முன்னின்று நடத்துவது. மணமகனின் உடன்பிறந்தாளுக்குரிய ஸ்தானத்தை அனைவரும் காண உறுதிசெய்யும் இணைச்சீர் எப்போது தொடங்கும், மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் எந்த இடத்தில் நிற்பார், எந்தக் கணத்தில் அருமைக்காரரின் கை மணமக்களின் முகத்தை மறைக்கும் என்பவற்றை எல்லாம் முன்கூட்டியே அறிந்து, மறைப்பு நேராத மூலையில் ஐந்து நிமிஷம் முன்பே போய் நின்றுகொண்டார் படக்காரர். இளைஞர் ஓடி ஓடி நூற்றுக்கணக்கில் எடுத்தார். முதியவர் நின்ற இடத்தில் நின்று சொற்பமாகவே எடுத்தார்.

“அப்பெல்லாம் ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படமுங்க. கல்யாணம் முச்சூடும் ரெண்டு ரோலு. அமுக்கறதுக்கு முந்தி மனசுல எடுத்துப் பாத்துக்கோணும்.”

யாஷிகா கேமராவைத் தொப்புளுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்து எடுத்த காலத்தில் அமைந்த பழக்கம் அது. ஆயினும் அவருடைய தொழிலின் உயர்வை நான் பிரத்தியட்சமாகக் கண்டது தாலி கட்டியபோதன்று. உறவினர் குழுப்படம் எடுத்தபோதுதான். யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பங்காளி எந்தப் பங்காளியுடன் பேசுவதில்லை, மாமன் வீட்டாரை எந்தப் பக்கம் நிறுத்தினால் மனத்தாங்கல் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எல்லோரும் நின்று முடிந்த பின்னரும் அவர் அமுக்கவில்லை. மண்டபத்துத் தூணுக்கு அப்பால், வெள்ளைச் சேலையில் ஒதுங்கி நின்ற மூதாட்டி ஒருவரை நோக்கி, “ஏனுங்க அம்மாயி, நீங்க வராம இந்தப் படம் நெறையாதுங்க, வந்து நடுவுல உக்காருங்க” என்று உரக்கச் சொன்னார். சபையில் ஒரு கணம் மௌனம் நிலவியது. பிறகு மணப்பெண்ணே எழுந்து போய் அந்த அம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். சீர்திருத்தம் பேசுகிற மேடைகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன்; அவற்றில் கண்டதைக் காட்டிலும் பெரிய காரியமொன்று அன்று ஒரு நிமிஷத்தில், நாற்காலி ஒன்றை நகர்த்திப் போட்டதில் நடந்தேறியது என்பது என் அபிப்பிராயம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அம்மாதங்களில் பள்ளிக்கூடத்துக் குழுப்படங்களும், மாட்டுக் கடனுக்காகவும் காப்பீட்டுக்காகவும் காதில் வில்லை தெரிய மாட்டுடன் உரிமையாளர் நிற்கும் படங்களுமே ஜீவனத்துக்கு வழி. பாஸ்போர்ட் சைஸ் படத்தால் கடை வாடகை கட்டிய காலமும் இருந்தது. ஆதார் மையங்களில் அங்கேயே முகத்தைப் பதிவு செய்துகொள்வதாலும், கைபேசி இல்லாத வீடு அருகிவிட்டதாலும், அந்த வருமானம் தேய்ந்துவிட்டது.

கல்யாண வேலை முடிந்த மாலையில், ஸ்டூடியோவின் பின்புறத்தில் இப்போது பழைய பொருள்கள் அடைந்து கிடக்கும் இருட்டறையை எனக்குத் திறந்து காட்டினார். அநேக வருஷங்களாக உபயோகத்தில் இல்லாவிடினும் ஹைப்போவின் புளித்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. பிலிமை முழு இருளிலும் காகிதத்தைச் சிவப்பு விளக்கிலும் கழுவ வேண்டும். மெட்டால், ஹைட்ரோகுவினோன், சல்பைட், கார்பனேட் ஆகியவற்றைத் தராசில் நிறுத்துக் கரைத்த திரவத்தில் காகிதம் நனைந்ததும், ஒளிபட்ட வெள்ளி உப்பு கறுத்து, முதலில் தலைமுடியும் பிறகு கண்ணும் புருவமுமாக ஒரு முகம் எழுந்து வரும்; ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்துவிடும்; அப்பால் நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும்.

அந்த நல்ல தண்ணீர்தான் அன்னூரில் பெருங்கஷ்டம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் பூத்துவிடும். மழைநீரைப் பானையில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்தியதாகச் சொன்னார். பவானியின் உபரி நீரை 1045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டு, இப்பகுதிக் குளங்களுக்குத் தண்ணீர் வந்தபோது, யாரும் கூலி கொடுத்து அழைக்காமலே கேமராவுடன் ஓடிய இவர், கரையில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தாராம். தண்ணீருக்காகத் தம் தொழிலில் எவ்வளவு காலம் காத்திருந்தவர் என்பதை நினைத்தால் அந்த ஓட்டம் விளங்கும்.

அவர் கழுவிய பிலிமும் காகிதமும் பெரும்பாலும் இதே மேட்டுப்பாளையம் சாலையின் வழியே, நீலகிரியிலிருந்து இறங்கி வந்தவை. தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடி உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் செய்து தேசமெங்கும் அனுப்பிற்று. வர்ணப் படமும் பின்னர் டிஜிட்டலும் வந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் நலிந்ததால், 2016-ல் அதை மூடிவிட மத்திய அரசு முடிவு செய்தது. நெகட்டிவில் கூர்சீவிய பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை ஆற்றிய விரல்கள் இன்று கணினியில் எலியை நகர்த்துகின்றன. அந்த மாற்றத்தை அவர் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவருடைய மொபெட்டின் பின்னால் அமர்ந்து பசூர், காட்டம்பட்டி, குப்பனூர், பொகலூர் என்று சுற்றினேன். அப்போது பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாரின் நினைவு வந்தது. அவர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்று, பல தேசங்களில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-ல் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அவருடைய பிரயாணங்கள் உலகறிந்தவை. அன்னூரைச் சுற்றிப் பத்து மைல் வட்டத்துக்குள், முதலில் சைக்கிளிலும் பிறகு 1980-ல் வந்த டிவிஎஸ் 50-இலும் ஒரு மனிதர் ஆயுள் முழுதும் செய்த பிரயாணத்தை எழுத ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும், “வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாமுங்க” என்ற உபசாரம் படக்காரருக்குக் காத்திருந்தது.

அவருக்கு வரும் வேலை அழைப்புகளில் மிகக் கடினமானது இழவு வீட்டு அழைப்பு. இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலையிட்டு, இருபுறமும் மக்கள் நின்று எடுத்துக்கொள்ளும் படம், பல குடும்பங்களில் அம்மனிதரின் முதலும் கடைசியுமான படமாக இருந்தது. தலை சாயாதிருக்கத் தாமே பின்னால் துணி மடித்து வைப்பார்; பிற்பாடு உருப்படமாகப் பிரிண்டு போடும்போது மூடிய கண்களைத் தூரிகையால் திறந்து வரைவார். எந்த வேலைக்கும் முன்பணம் வாங்குகிற அவர், “இழவு வூட்ல அன்னிக்குக் காசு கேக்கறதில்லைங்க” என்று மட்டும் சொன்னார். சில வீடுகள் அதன்பின் ஒருபோதும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நாங்கள் திரும்பியபோது விசைத்தறித் தொழிலாளி ஒருவர் கடை வாசலில் காத்திருந்தார். முந்தின வாரம் தாயை இழந்தவர். சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது தேர்தல் கமிஷன் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை. 1993-ல் அறிமுகமான அவ்வட்டைக்காகத்தான் நாட்டுப்புறத்து எளியோர் பலர் வாழ்வில் முதல்முறையாகக் கேமராவின் முன் உட்கார்ந்தார்கள். கட்டை விரல் நகத்தளவு முகம். அதிலும் பாதி தேய்ந்துபோயிருந்தது. “அண்ணா, ஆத்தா வேற படமே எடுத்ததில்லைங்க” என்றார் மகன்.

படக்காரர் அட்டையை ஸ்கேன் செய்து திரையில் விரித்துவைத்துக்கொண்டு, அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் கேள்விகளே கேட்டார். மூக்குத்தி எந்தப் பக்கம்? காது வளர்த்தவரா? சிரிக்கும்போது எந்தக் கன்னம் குழியும்? மகனுக்குச் சில விடைகள் தெரியவில்லை. சகோதரியிடம் கைபேசியில் பேசித் தெரிந்து சொன்னார். பின் இரண்டரை மணி நேரம் வேலை நடந்தது. புன்னகையைச் சேர்க்கட்டுமா என்று உதவி இளைஞர் கேட்டதற்கு, “வேண்டாம் கண்ணு, அவிய எப்பிடி இருந்தாங்களோ அப்பிடியே இருக்கட்டும்” என்று தடுத்துவிட்டார். மகன் திரையைப் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிரவு படக்காரர் எனக்குக் கடைசியாகக் காட்டியது இரண்டு தகரப் பெட்டிகள். நாற்பது ஆண்டு நெகட்டிவ்களில் மிஞ்சியவை. மற்றவை என்னவாயின? பிலிமில் ஒட்டியுள்ள வெள்ளிக்காக எடைக்கு வாங்கிப் போகிற வியாபாரிகள் ஊர் ஊராக வந்தார்கள். இடம் இல்லாமலும் கையில் பணம் இல்லாமலும் பல ஸ்டூடியோக்காரர் கொடுத்துவிட்டார்கள். இவரும் ஒரு முறை ஒரு மூட்டை கொடுத்தார். அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறது என்று நான் சொல்ல, முகவரியைக் குறித்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்து நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் பார்த்தோம். ஓர் உறையில் தேதி இருந்தது, ஒன்றில் ‘பாக்கி 15’ என்று மட்டும் இருந்தது, பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. பளிச்சென்ற கண்களுடன் ஒரு சிறுமி. யாரென்று ஐம்பதாண்டு இவ்வூரில் படமெடுத்தவருக்கே தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் பெயர்கள் இருக்கின்றன, முகங்கள் இல்லை. இந்தத் தகரப் பெட்டியிலோ முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

ஆதலின் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் உள்ள பழைய படங்களை, அவற்றில் இருப்போரை அடையாளம் காட்டக்கூடிய அப்பத்தாவோ அம்மாயியோ பெரியப்பாவோ இருக்கும்போதே எடுத்து அவர்கள் முன் வையுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்புறம் ஊறிவிடும்.