ஆய்வுகூடக் கணினியும் அதன் பணிசெயல் முறைமையும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன நுணுக்குக்காட்டியும் சோதனைக் குழாயும் துலாவுமேயாம். ஆயின், இன்றைய ஆய்வாளர் தமது வேலைநாளின் பெரும்பகுதியைக் கழிப்பது இவற்றின் முன் அன்று; கணினியின் முன்னேயே. அளந்ததைப் பதிவதும், பதிந்ததைப் பகுப்பதும், பகுத்ததை வரைபடமாக்குவதும், ஈற்றில் ஆய்வேட்டை எழுதுவதும் அப்பெட்டியினுள்ளேயே நடைபெறுகின்றன. துலாவின் திருத்தத்தை ஆண்டுதோறும் சோதிப்பவர்கள்கூடக் கணினியின் திருத்தத்தைப் பற்றி ஐயுறுவது அரிது. அதிலும், அக்கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையை ஆய்வுக் கருவிகளுள் ஒன்றாக எண்ணுவோர் மிகச் சிலரே. எங்கள் பௌதிகவியற்றுறையின் ஆராய்ச்சிக் கணினிகளுக்கு அத்தகைய முறைமை ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்மீது விழுந்தது. அவ்வேளையில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஈண்டு எழுத முற்படுகிறேன்.

பணிசெயல் முறைமை என்பது யாது? மலையகத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்கட்கு இதனை விளக்குதல் எளிது. விடியற்காலையில் பிரட்டுக்களத்திற் கூடும் தொழிலாளரைக் கணக்கப்பிள்ளை இன்ன மலைக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர் எனப் பிரித்துவிடுவார். மாலையிற் கொழுந்து நிறுக்கப்பட்டுச் செக்ரோலில் ஏறும். கணினியின் மையச் செயலகத்தினது நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் செய்நிரல்களுக்குப் பங்கிட்டு, அவை தரும் விளைவுகளைக் கோப்புகளிற் பதிந்துவைப்பது இம்முறைமையின் வேலை. கொழுந்தைக் கொய்தவர் தொழிலாளியேயாயினும், அது எத்தனை கிலோ என்று ஏட்டில் ஏறுவது தராசையும் அதைப் பிடிப்பவரையும் பொறுத்தது. தோட்டத்திற் பிறந்தவர்கட்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எங்கள் வசமிருந்தவை எட்டுக் கணினிகள். ஐந்து பழையன, மூன்று புதியன. பழையன ஐந்திலும் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிற்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த பதிப்பு வேண்டும் வன்பொருள் அவ்வைந்து கணினிகளிலும் இல்லை. ஐந்தையும் மாற்றிவிடலாமே எனின், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் துறையின் நிதிநிலைமை அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே, இத்தெரிவு தேவையின் பேரில் வந்ததேயன்றி ஆசையின் பேரில் வந்ததன்று.

கூட்டத்திற் கருத்துகள் பலவாயின. ஓய்வுபெறும் நிலையிலிருந்த எங்கள் பேராசிரியர் 1980களிற் பிரித்தானியாவில் வாக்ஸ் கணினியிற் போர்ட்ரான் எழுதிக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். "எந்த முறைமையானாலும் சரி, பத்து ஆண்டுகளுக்கு மாறாதிருத்தல் வேண்டும்" என்பது அவர் கட்சி. ஐரோப்பாவில் அணுத்துணிக்கைகள் பற்றி ஆய்வு செய்து அண்மையில் திரும்பிய இளம் விரிவுரையாளர், சேர்ன் ஆய்வுகூடம் எதைப் பயன்படுத்துகின்றதோ அதையே நாமும் பயன்படுத்துவோம் என்றார். மாணவர்களோ பழகிய விண்டோஸே போதும் என்றனர். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு முறைமையைப் பழகுதற்குச் செல்லும் மூன்று மாதங்கள் ஈராண்டு ஆய்வு மாணவருக்குச் சிறு காலமன்று.

எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தார். ஈற்றில் அவர் கேட்டது இது: "சேர், கம்பனி இல்லாத இடத்தில் எடுத்தால், பழுது வரும்போது யாரைப் பிடித்துக் கேட்பது? கம்பனி உள்ள இடத்தில் எடுத்தால், அந்தக் கம்பனி மனம் மாறும்போது யாரைப் பிடித்துக் கேட்பது?"

இவ்வினாவின் இரண்டாம் பாதி வெறுங் கற்பனையன்று. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் முறைமையின் வழியைப் பின்பற்றி, 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது லினக்ஸ். 2017 நவம்பர் முதலாக உலகின் ஐந்நூறு அதிவேகக் கணினிகளின் பட்டியலில் உள்ளவை யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அதன் கருவை எடுத்துப் பலரும் பலவாறு தொகுத்து வழங்குவர். ரெட் ஹட் நிறுவனத்தின் தொகுப்பு பணம் பெறுவது. ஆயின் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டமையால் அதனைத் திரும்பத் தொகுத்து இலவசமாகத் தரல் பிறர்க்கு இயன்றது. சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள பேர்மி ஆய்வுகூடமும் சேர்னும் கூடி 2004இல் அவ்வாறு ஆக்கியதே சயன்டிபிக் லினக்ஸ். விஞ்ஞானிகள் விஞ்ஞானிகளுக்கென ஆக்கிய முறைமை என அதனைக் கூறலாம். பதினைந்து ஆண்டுகள் சென்றன. இதே வேலையைச் சென்ட் ஓஎஸ் என்னும் தொகுப்பும் செய்யும்போது நாம் தனியே உழைப்பானேன் என்று பேர்மி ஆய்வுகூடம் எண்ணியது போலும். 2019இல் புதிய பதிப்பை வெளியிடாது சென்ட் ஓஎஸ் 8க்கு மாறுவதென அறிவித்தது. மறு ஆண்டு டிசம்பரில் ரெட் ஹட் நிறுவனமோ, 2029 வரை பேணப்படும் என எல்லோரும் நம்பியிருந்த அதே சென்ட் ஓஎஸ் 8ஐ 2021ஆம் ஆண்டின் முடிவுடன் நிறுத்துவதாக அறிவித்தது! அல்மா லினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என்னும் இரண்டும் அவ்விடத்தை நிரப்ப 2021இல் எழுந்தன. 2022 டிசம்பரிற் பேர்மி ஆய்வுகூடமும் சேர்னும் அல்மாவைத் தெரிந்துகொண்டன. பெரும் ஆய்வுகூடங்கட்கே இவ்வலைச்சல் நேருமெனின், எட்டுக் கணினியுடையோர் எம்மாத்திரம்?

இவ்வாறு கூட்டங்கூடிப் பேசிக்கொண்டிருந்த நாள்களிலேயே என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவருக்கு நேர்ந்தது, எங்கள் விவாதத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

மத்திய மலைநாட்டில் இடிமழை நாளின் எவ்வேளையிற் பெய்கின்றது என்பது அவரது ஆய்வு. தோட்டமொன்றில் நிறுவப்பட்டிருந்த பதிகருவி 1999 முதல் 2009 வரை தந்த தரவுகளை அவர், வெப்பவலய மழையை அளந்த டீஆர்எம்எம் செய்மதி மின்னலைக் கண்ட நேரங்களுடன் ஒப்பிட்டார். பதிகருவி காட்டுவது இலங்கை நேரம். செய்மதி காட்டுவது உலகப் பொதுநேரம். ஒன்றை மற்றதாக மாற்றும் வேலையைச் செய்நிரல் பணிசெயல் முறைமையிடம் கேட்டுப் பெற்றது. அச்செய்மதி ஓரிடத்தை ஒருமுறை கடக்கையில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே அதனைக் காணும். இடிமுகில் ஒன்று பிறந்து பொழிந்து ஓய்தற்கோ ஒரு மணிநேரமே போதும். ஆகவே, அரை மணிநேரப் பிழை இவ்வாய்விற் பெரும் பிழையாகும். அவர் பெற்ற வரைபடமோ, 2006இன் பின் இடிமழை அரை மணிநேரம் முந்தி வருவதாகக் காட்டியது. காடழிப்பும் நிலப் பயன்பாட்டின் மாற்றமும் இதற்குக் காரணமாகலாம் என ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தார்.

புதிய கணினியொன்றிற் பரீட்சார்த்தமாக லினக்ஸை நிறுவியபோது அதே தரவையும் அதே செய்நிரலையும் அதில் இயக்கிப் பார்க்கும்படி அவரிடம் கூறினேன். அன்று மாலை இரண்டு வரைபடங்களுடன் என் அறைக்கு வந்தார். லினக்ஸ் வரைந்ததில் 2006ஆம் ஆண்டின் மாற்றம் முற்றாக மறைந்திருந்தது. "சேர், இந்த இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார். ஆறு மாத உழைப்பு அக்கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விடை இலங்கையின் அண்மை வரலாற்றில் இருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே 25இல் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்தள்ளப்பட்டு, பொதுநேரத்திலிருந்து ஆறு மணிநேர வேறுபாடு நிலைத்தது. 2006 ஏப்பிரலில், புத்தாண்டு கழிந்த கையோடு, பழைய ஐந்தரை மணிநேர வேறுபாட்டிற்கே நாடு மீண்டது. "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக் கேட்டே முகூர்த்தத்துக்குப் போன காலத்தை எம் தலைமுறையினர் மறந்திரார். மாணவியோ அப்போது கைக்குழந்தை. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகள் உலகின் நேர மாற்றங்கள் யாவற்றையும் ஆண்டுவாரியாகப் பதிந்த ஒரு தரவுத்தொகுதியைப் பயன்படுத்துகின்றன. ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடக்கிய அதிற் கொழும்புக்குரிய பகுதி, 1906இல் ஐந்தரை மணிநேரம் வந்ததையும், இரண்டாம் உலகப்போரின்போது செய்த மாற்றங்களையுங்கூடச் சொல்லும். மாணவி முன்னர் பயன்படுத்திய பழைய கணினியின் முறைமைக்கோ இலங்கை எனின் என்றென்றும் ஐந்தரை மணிநேரமே. 2006க்கு முந்திய தரவுகள் யாவும் அரை மணிநேரம் பிந்திக் கணக்கிடப்பட்டிருந்தன. இடிமழை மாறவில்லை, மாறியது அரசாங்கத்தின் கடிகாரமே.

அவ்வத்தியாயம் நீக்கப்பட்டது. மாணவி இரண்டு நாள் பல்கலைக்கழகப் பக்கமே வரவில்லை. பின்னர் வந்து, நீக்கிய அத்தியாயத்தின் இடத்தில் நேரமாற்றம் பற்றி நான்கு பக்கம் எழுதித் தந்தார். அவ்வேட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுவே.

இது எங்கள் துறைக்கு மட்டும் உரிய விந்தையன்று. 2014இல் வெளியான இரசாயனவியற் செய்நிரலொன்று, கணித்த விளைவுகளைக் கோப்புகளிலிருந்து படித்துச் சேர்மமொன்றின் காந்தப் பரிவு நிறமாலையை எதிர்வுகூறியது. கோப்புகள் இன்ன ஒழுங்கிலேயே வந்து சேரும் என அதை எழுதியோர் கொண்டனர். அவ்வொழுங்கோ முறைமைக்கு முறைமை வேறுபடும். 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதே கோப்புகளை வெவ்வேறு முறைமைகளில் இட்டபோது வெவ்வேறு விடைகள் பெற்று இதனை வெளிப்படுத்தினர். பரிகாரம், கோப்புகளை முதலில் வரிசைப்படுத்தும் சிறு கட்டளை, அவ்வளவே. மூளைப் படங்களை அளக்கும் மென்பொருளொன்று மாக் கணினி முறைமையின் இரு பதிப்புகளில் வேறுபட்ட அளவுகளைத் தந்தமை 2012இலேயே எழுதப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் நோக்கியபின் என் தெரிவு டெபியன் லினக்ஸாயிற்று. 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிய அதனை இன்றுவரை பேணுவோர் தொண்டர்களே. விற்கவோ மூடவோ ஓர் உரிமையாளர் இல்லை. தொழினுட்ப உத்தியோகத்தரின் முதல் வினாவுக்கு இது விடையாகாது என்பதை நான் அறிவேன். பழுது வந்தால் நாமே பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஒரு பதிப்பு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே பேணப்படும். பேராசிரியர் கேட்ட பத்தில் இது பாதி. ஆயினும் 2005 முதலாக அதன் மென்பொருட் பொதிகள் அனைத்தும் நாள்வாரியாகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. இன்றைய ஆய்வேட்டின் கணக்கைப் பத்தாண்டு கழித்து ஒருவர் மீளச் செய்ய விரும்பின், அதே நாளின் பொதிகளை எடுத்து அதே கணினிச் சூழலை மீள அமைக்கலாம். மாறாத முறைமையிலும், மாறியதைத் திரும்பப் பெறத்தக்க முறைமை ஆய்வுக்கு உகந்தது என்பது என் துணிபு. இளம் விரிவுரையாளர் இன்றும் அல்மாவே சிறந்தது என்பார். அவர் துறைக்கு, அவர் சொல்வது சரியே.

எட்டாவது கணினியை நாங்கள் தொடவில்லை. அதனுடன் இணைந்த நிறமாலைமானியின் மென்பொருள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே இயங்கும். வலையமைப்பிலிருந்து அதனைத் துண்டித்து, தரவை எடுத்துச் செல்வதற்கென ஒரு நினைவுக்கோலை ஒதுக்கினோம். மற்றையவற்றில் தமிழ் எழுத்துகள் குறையின்றி வருகின்றன என்பதையும் சொல்லல் வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய ஆய்வேடுகளைத் திறந்தாற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை இப்போது இரு மாணவர் செய்து வருகின்றனர்.

தோட்டத்துப் பதிகருவி இன்னும் வேலை செய்கின்றது. 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கழிந்த செக்கன்களை 32 இருமத்தில் எண்ணும் பழைய வகை அது. அவ்வெண்ணிக்கை 2038 ஜனவரி 19ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் நிரம்பிவிடும். அடுத்த செக்கனில் கருவி 1901ஆம் ஆண்டுக்குச் சென்றுவிடலாம். நானும் பேராசிரியரும் அப்போது பணியில் இரோம். தொழினுட்ப உத்தியோகத்தர் அத்திகதியைக் கறுப்பு மையாற் பெரிதாக எழுதிப் பதிகருவியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார். கீழே, "இலங்கை நேரம் அதற்குள் மாறாவிட்டால்" என்றும் எழுதியிருக்கிறார்.