அப்பாவின் நாக்கு



"நவம்பர் மாத சுவர் இதழுக்கு குழந்தைகள் தினம் பத்தி எழுதிக் கொடு" என்று தமிழம்மா சொன்னாங்க. நேருவைப் பற்றி எழுதத்தான் நோட்டை எடுத்தேன். ஆனால் மனசில் அப்பாதான் வந்து நின்றார். அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்க அப்பா ஆலைக்கொட்டாயில் வெல்லம் காய்ச்சினவர். பன்னிரண்டு வயசில் அடுப்புக்குச் சக்கை தள்ளப் போனவர், போகப் போகப் பதம் பார்க்கிற ஆளாக ஆனார். கரும்புப் பாலைக் கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, மேலே பொங்கி வரும் அழுக்கை எடுத்துக்கிட்டே காய்ச்சுவார்கள். பாகு திரளும்போது எல்லோரும் அப்பா முகத்தைத்தான் பார்ப்பார்கள். முந்தி இறக்கினால் உருண்டை பிடிக்க வராது. பிந்தினால் கருகிப் போகும். அப்பா ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இறக்குங்கடா" என்பார். அவ்வளவுதான். அந்த வெல்லம் 30 கிலோ சிப்பமாகக் கட்டி பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். எந்தெந்த ஊர்ப் பொங்கல் பானையில் எங்க அப்பா கைப்பதம் கரைந்ததோ, யாருக்குத் தெரியும்!

நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. "சர்க்கரை காய்ச்சறவனுக்கே சர்க்கரையா!" என்று கொட்டாயில் சிரிச்சாங்களாம். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சாராம். அன்றிலிருந்து வெல்லத்தை அவர் வாயில் வைக்கவில்லை. சனிக்கிழமை நான் சோறு கொண்டு போனால், சுடச்சுட ஒரு துண்டு வெல்லத்தை வாழை இலைக் கிழிசலில் வைத்துத் தருவார்.

"இனி நீதான் சாமி என்ற நாக்கு. உப்புக் கரிக்குதான்னு சொல்லு."

ஒரு தடவை, "லேசாக் கரிக்குதுங்கப்பா" என்றேன். "அப்ப இது ராஜா வாய்க்கால் பாய்ஞ்ச கரும்பு இல்ல, போர்த் தண்ணிக் கரும்பு" என்றார். விசாரித்தால் அப்படியே இருந்தது. அன்னைக்கு வீட்டுக்கு வரும்வரை என் தலையைத் தடவிக்கிட்டே வந்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்தது. கொண்டு வந்த அக்கா, "காலைத் தினமும் பாத்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவாங்க. அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். காலைத்தான் பார்க்கவில்லை.

போன மார்கழி. பொங்கல் நெருங்கினால் கொட்டாயில் இரவு பகல் கிடையாது. ஒருநாள் ராத்திரி அப்பா காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். கங்கை மிதித்திருக்கிறார்.

"ஏனுங்கப்பா, வலிக்கலையா?"

"வலியே இல்ல கண்ணு. அம்மாகிட்டச் சொல்லிப் போடாத. பொங்கல் போகட்டும், பாத்துக்கலாம்."

வலி இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மஞ்சள் வைத்துவிட்டேன். சொல்லாதே என்றதால் சொல்லவில்லை. அப்பா பேச்சைக் கேட்கிற நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குள் கால் கறுத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. தை மாசம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். சர்க்கரை நோய் நாள்பட்டால் காலில் நரம்பு மரத்துப் போகும், சுட்டாலும் தெரியாது. வலிக்காததுதான் ஆபத்து. நான் சந்தோஷப்பட்டது அதற்குத்தான்.

நாம் குழந்தைகள் தினம் கொண்டாடுகிற நவம்பர் 14-தான் உலக நீரிழிவு நாளும். 1921-ல் பெஸ்ட் என்பவரோடு சேர்ந்து இன்சுலினைக் கண்டுபிடித்த பேண்டிங் பிறந்த நாள் அது. அன்று மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும்போது நான் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்க வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், ராத்திரி படுக்கும் முன் அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. விரல் இடுக்கையும் பாருங்க. புண் இருந்து, "யாருகிட்டயும் சொல்லாதே" என்றால், அன்னைக்கு ஒருநாள் மட்டும் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையாக இருங்க. நான் அப்படி இல்லாமல் போய்விட்டேன்.

வருகிற தையோடு ஒரு வருஷம் ஆகிறது. "அதுக்கப்புறம் ஒருநாள் அப்பனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வெச்சுப் படைக்கோணும்" என்று ஆயா சொல்லியிருக்கு. வெல்லம் வாங்க நான்தான் போகப் போகிறேன். வாயில் போட்டு, உப்புக் கரிக்குதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி