இரட்டைக் குழந்தையும் இருபது வளைவும்

மெஷின் நின்றுபோவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், அதைக் கவனி என்று நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தருகிறார்கள். தாயின் உடம்பும் அப்படி முன்கூட்டியே சொல்வதுண்டு. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

எங்கள் ஊர் கொட்டச்சேடு. ஏற்காடு மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அக்கா வயிற்றில் இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். கூடவே பாட்டியின் உத்தரவு: "எந்திரிக்காம படுத்தே கெட கண்ணு, அப்பத்தான் மாசம் நெறையும்."

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார். இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிரசவமாகிவிடும். படுத்தே கிடந்தால் அது நிற்கும் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதும் எல்லோருக்கும் பலன் தராது. "ரத்தசோகை வராம பாத்துக்க, செக்கப்பை விடாத. விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, இடுப்பு வலி நிக்காட்டாலோ, தண்ணி கசிஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ உடனே கிளம்பிடு" என்றார்.

32-ஆவது வாரம். பனி கொட்டும் இரவில் அக்காவுக்கு வயிறு இறுகியது. "சூட்டு வலி கண்ணு, சீரகத் தண்ணி குடிச்சாப் போயிரும்" என்றார் பாட்டி. அக்கா கேட்கவில்லை. "இது ரெண்டு உசுரு பாட்டி. தம்பி, வண்டியக் கூப்பிடுடா!" 108 வந்தது. ஏற்காட்டில் ஒரு டெக்சாமெதசோன் ஊசி. பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் பெரிய ஆஸ்பத்திரி.

அந்த ஊசி தாய்க்குப் போட்டாலும் வேலை செய்வது குழந்தையின் நுரையீரலில். மூச்சு விட அதைத் தயார் செய்கிறது. நியூசிலாந்து டாக்டர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இல் இவ்வகை மருந்தின் பலனை வெளியிட்டார்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால், 12 மணிக்கொரு முறை 6 மில்லிகிராம் வீதம் 4 ஊசி. மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கிராம செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று மத்திய அரசு 2014-இல் வழிகாட்டியது.

வலியைத் தள்ளிப்போடும் மாத்திரை கொடுத்து இரண்டு நாள் ஓட்டினார்கள். நான்கு ஊசியும் முடிந்தது. மூன்றாம் நாள் என் மருமகள்கள் பிறந்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை, ஆனால் அழுதார்கள்! அக்காவும் மாமாவும் ஆளுக்கொருத்தியைக் கங்காரு மாதிரி வெறும் நெஞ்சோடு அணைத்தே தேற்றினார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இரட்டைக் கர்ப்பம் என்றால், வளைகாப்புக்கு வளையல் வாங்கும்போதே அந்த நான்கு அடையாளங்களையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பாட்டிக்கும் சேர்த்து! ராத்திரியில் யார் போன் செய்வது, யார் கூடப் போவது என்றும் பேசி வையுங்கள். மாதம் நிறைவது நம் கையில் இல்லாமல் போகலாம். நேரத்தோடு மலை இறங்குவது நம் கையில்தான் இருக்கிறது.