அண்ணாவைக் கேட்டுக்கோ

சமையல் குறிப்புகளில் 'உப்பு - தேவையான அளவு' என்று போட்டிருக்கும். நாற்பது வருடமாகச் சமைப்பவருக்கு அது போதும். வெளியூரில் முதன்முதலாக அடுப்பைப் பற்றவைக்கும் பிள்ளைக்குப் போதாது. அது அம்மாவுக்கு போன் போடும். ஏஐ ஏஜென்ட்டுக்கு போன் போட அம்மா இல்லை. தானாகவே ஓர் அளவை முடிவு செய்து கொட்டிவிடும்.

மென்பொருள் கம்பெனிகளில் இப்போது இதுதான் கவலை. எழுதி முடித்த புரோகிராமை சர்வர்களில் ஏற்றி ஓடவிடுவதை டெப்லாய்மென்ட் என்பார்கள். 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்று நள்ளிரவில் ஏதாவது ஆப் சொல்கிறதே, பல நேரம் அதன் பின்னால் இந்த வேலைதான். இதற்கென்றே குபர்நெட்டீஸ், டெர்ராஃபார்ம் போன்ற கருவிகள் உண்டு. நேற்றுவரை மனிதர்கள் கமாண்ட் அடித்து இயக்கியவற்றை இன்று ஏஜென்ட்டுகளும் இயக்கத் தொடங்கிவிட்டன. எழுதி வைத்த குறிப்புகள்தான் அவற்றுக்குத் துணை.

குறிப்பில் இல்லாதது என்ன ஆகும்? குபர்நெட்டீஸில் 'அப்ளை' என்று அடித்தால் ஓரிரு விநாடியில் 'கன்ஃபிகர்டு' என்று பதில் வரும். அனுபவஸ்தர் அதை நம்பிவிட மாட்டார். தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டு சீல் குத்திக் கொடுக்கிறார்களே, அந்த மாதிரிதான். உத்தரவு பதிவாகியிருக்கிறது, அவ்வளவே. புதுப் பதிப்பு எழுந்து ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' என்று இன்னொரு கமாண்ட் அடித்துக் காத்திருப்பார். இதை யாரும் எழுதித் தராவிட்டால், ஏஜென்ட் முதல் பதிலைப் பார்த்தே 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அறிக்கை கொடுத்துவிடக்கூடும்.

டெர்ராஃபார்ம் இன்னும் பொல்லாதது. நல்ல கருவிதான், செய்யப்போவதை 'பிளான்' என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டும். அதில் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் சேர்ந்து வந்தால், இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கப்போகிறேன் என்று பொருள். சாதாரண சர்வர் என்றால் பரவாயில்லை. வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸ் என்றால்? மனிதருக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும். 'யெஸ்' என்று டைப் செய்தால்தான் மேலே போவேன் என்று கருவி பிடிவாதம் பிடிப்பதும் அதற்காகத்தான். ஆனால் அந்தக் கேள்வியையே கேட்காமல் தாண்டிப் போகவும் ஒரு வழி உண்டு. அந்த வழி கையேட்டிலேயே பளிச்சென்று இருக்கிறது. எங்கே அதைத் தொடவே கூடாது என்பதுதான் பெரும்பாலும் எங்கேயும் இருக்காது.

இதில் ஏஜென்ட்டுகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது முழுக்க மனிதர் கைவேலை. 8 சர்வர்களில் போட வேண்டிய புது மென்பொருள் ஒன்றில் மட்டும் விட்டுப்போனது. அந்த எட்டாவதில், பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்கு ஆர்டர்களை அனுப்ப ஆரம்பித்தது. காரணம் புரியாமல், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புது மென்பொருளை எடுத்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது. 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த வருடமே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. விசாரித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கண்டுபிடித்தவற்றில் ஒன்று: ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் எந்த நடைமுறையும் இல்லை.

எழுத்தில் இல்லாதது பிறகு எங்கேதான் இருக்கும்? நம் ஊர் ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் ஓர் 'அண்ணா'வின் தலைக்குள் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரமே நைட் ஷிஃப்ட்டில் உட்காரவைக்கப்பட்ட பையன் 'இதை ஓட்டலாமா?' என்று தவித்தால், பக்கத்து சீட்டிலிருந்து வரும் பதில், 'அண்ணாவைக் கேட்டுக்கோ'. அண்ணா தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால் எரிச்சல், எழுப்பாவிட்டால் ஆபத்து. குறிப்பு எழுதித் தரச் சொல்லி அவன் கேட்டால் 'போகப் போகத் தெரியும்' என்பார்கள். அதற்கு மட்டும் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இப்போது பாருங்கள், நேரம் வந்துவிட்டது! 2025-லிருந்து ஏஜென்ட்டுகளுக்கென்றே 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்ற பெயரில் ஒரு ஃபைல் எழுதி வைக்கும் பழக்கம் வேகமாகப் பரவுகிறது. ஓட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும், சரியாக நடந்தால் என்ன பதில் வரும், தவறினால் எப்படிப் பழைய நிலைக்குத் திருப்புவது, யாரைக் கேட்காமல் எதைத் தொடக்கூடாது... அண்ணாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார்கள். மனிதப் பிள்ளைகள் இத்தனை வருடம் கேட்டுக் கிடைக்காத மரியாதை இது. கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது.

நல்லவேளை, அந்த ஃபைலுக்குப் பூட்டு கிடையாது. எழுதியிருப்பது சாதாரண வாக்கியங்களில்தான். இரவு பதினோரு மணிக்கு, போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, நைட் ஷிஃப்ட் பையனும் அதைத் திறந்து படிக்கலாம்.