லா கெப்ராதா பாறையில் ஒரு மாலை

மெக்சிக்கோ நகரில் குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்தை வணங்கிய பின்னர், தெற்கே பசிபிக் பெருங்கடலோரம் அமைந்த அக்காபுல்கோவுக்குப் புறப்பட்டோம். மலைகளை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடிற்று. ஊருக்குள் நுழைந்ததும் நம் கண்ணில் முதலில் பட்டவை தென்னை மரங்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் இத்துறைமுகத்துக்கும் இடையே சென்றுவந்த ஸ்பானியக் கப்பல்கள் பட்டையும் பீங்கானையும் மட்டுமன்றித் தென்னையையும் இக்கரைகளுக்குக் கொணர்ந்தன. கடல் கடந்து வந்த உறவினரைக் கண்டாற்போல் சிறிது மகிழ்ந்தோம். ஆயினும் நாம் தேடிச் சென்றது வேறு.

நகரின் மேற்குப் பக்கத்தில் கடலோரப் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடத்துக்கு லா கெப்ராதா என்று பெயர். பிளவு என்பதே அதன் பொருள். இடையே புகும் கடல்நீரின் அகலம் ஏறத்தாழ ஏழு மீட்டர்தான். இதனுள் ஏறக்குறைய 35 மீட்டர் உயரத்திலிருந்து, ஓங்கி வளர்ந்த பனையையும் விஞ்சும் உயரத்திலிருந்து, தலைகீழாகப் பாய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஆடவர் இங்கே வாழ்கின்றனர். கிளவதிஸ்தாக்கள் என்பது அவர்களுக்கு ஊரார் வழங்கும் பெயர். 1934-ஆம் ஆண்டில் இளைஞர்கள் தம்முள் போட்டியிட்டுக் குதித்ததில் தொடங்கிய வழக்கம் என்பர். பின்னர் பாறையின் எதிரே உணவகமும் படிக்கட்டுகளும் எழுந்தன, பார்வையாளர் பெருகினர், விளையாட்டு தொழிலாயிற்று. 1963-இல் வந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இப்பாறையிலிருந்து குதிப்பவராக நடித்தார். அவரோ இவ்வூருக்கு வந்ததே இல்லை! உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நாள்தோறும் உண்மையாகவே குதிப்பவரின் பெயரை யார் கேட்கிறார்கள்?

மாலை மங்கும் வேளையில் படிக்கட்டில் இடம்பிடித்து நின்றோம். இளைஞர் சிலர் முதலில் இக்கரையிலிருந்து நீரில் குதித்து நீந்தி, எதிர்ப்பாறையில் வெறுங்கையாலும் வெறுங்காலாலும் தொற்றி ஏறினர். பாறையின் உச்சியில் குவாதலூப்பே அன்னைக்குச் சிறு பீடம் ஒன்று உள்ளது. ஒவ்வொருவரும் அதன் முன் நின்று சிலுவை அடையாளம் வரைந்து செபித்தனர். காண்போருக்காகச் செய்யும் சடங்கோ என்று முதலில் நாம் ஐயுற்றது உண்மை. கீழே குனிந்து நீரைப் பார்த்தபோது அந்த ஐயம் அகன்றது.

நீரின் ஆழம் ஏறத்தாழ நான்கு மீட்டரே. அதுவும் அலை புகும்போதுதான். அலை வடிந்தால் குறைந்துவிடும். குதிப்பவர் காற்றில் இருப்பது மூன்று விநாடிக்கும் குறைவு. நீரைத் தொடும்போது வேகமோ மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆதலின், பள்ளம் வெறுமையாய்க் கிடக்கும்போதே, வரப்போகும் அலையை நம்பி அவர் காலெடுக்க வேண்டும். பாறையின் அடிப்பாகம் முன்னே துருத்தி நிற்பதால் நேராக விழவும் ஆகாது. வெளியே எகிறிப் பாய வேண்டும். உலகப் போட்டிகளில் 27 மீட்டரிலிருந்து குதிப்போர் காலை முன்வைத்தே நீரில் இறங்குவர். இவர்களோ கைகளைக் கோத்துத் தலையை முன்வைத்து இறங்குகின்றனர். அந்த அறைதலை ஆண்டாண்டாக ஏற்கும் கண்களின் விழித்திரை பழுதுபடுவதுண்டு.

இத்தகைய வேலை ஒருவருக்கு எவ்வாறு கிடைக்கிறது? வேறிடங்களில் அதற்கு முறை உண்டு. 2009-இல் பயணம் தொடங்கிய ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ என்னும் பெருங்கப்பலில் நீர்க்காட்சி அரங்கு ஒன்று இருக்கிறது. அத்தகைய அரங்குகளில் வேலை நாடுவோர், பெரும்பாலும் நீரில் பாயும் போட்டிகளில் தேர்ந்தவர்கள், தம் பாய்ச்சல்களைப் படம்பிடித்து அனுப்புவர். நேரில் குதித்தும் காட்டுவர். தேறினால் சில மாதங்களுக்கு ஒப்பந்தம். லா கெப்ராதாவில் விண்ணப்பமும் இல்லை, நேர்காணலும் இல்லை. தகப்பனோ மாமனோ குதித்த பாறையில், சிறுவன் தாழ்ந்த படியிலிருந்து தொடங்குகிறான். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொரு படியாக மேலேறுகிறான். உச்சிக்குத் தகுதியானவன் என்று மூத்தவர்கள் ஒப்பினால், அவர்கள் சங்கத்தில் அவனும் ஒருவன்.

வெளியேறும் வழியில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இடக்கண் மங்கியிருந்தது. நமக்குத் துணையாக வந்த உள்ளூர் மறைக்கல்வி ஆசிரியர் மொழிபெயர்க்க, அவரிடம் பேசினோம். பார்வையாளர் செலுத்தும் நுழைவுக் கட்டணத்திலும் வாசலில் தரும் அன்பளிப்பிலும்தான் வயிறு வளர்கிறது என்றார். 2020-இல் கொள்ளைநோயால் ஊர் அடைபட்டது. 2023 அக்டோபர் 25 அன்று ஓட்டிஸ் புயல், ஒரே நாளுக்குள் ஐந்தாம் நிலைச் சூறாவளியாக முற்றி, நகரையே சிதைத்தது. பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்க ஆள்தான் இல்லை.

“பேரன் ஒருவன் இருக்கிறான், சுவாமி. நடுப்படி வரை வந்துவிட்டான். என் மகள் அவனை விடுதிப் பணி படிக்கச் சொல்கிறாள்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள், ஐயா?”

“புயலில் விடுதிகள்தாம் உடைந்தன என்று சொன்னேன். அவள் என் கண்ணைக் காட்டினாள். அதற்குமேல் நான் பேசவில்லை.”

நாமும் பேசவில்லை. பங்கில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆலோசனை கூறிப் பழகிய நாவு, அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படிக்க வை என்பது எளிது. கூட்டமும் கைதட்டலும் குருதியில் கலந்த சிறுவனுக்கு அதை யார் சொல்வது?

இரவின் கடைசிக் காட்சிக்குக் குதிப்பவர்கள் தீப்பந்தம் ஏந்தி உச்சிக்குச் சென்றனர். விளக்குகள் அணைந்தன. கரும்பாறையின் மேல் இரண்டு சுடர்கள் மட்டும் அசைந்தன. முதியவர் அவற்றைப் பார்க்கவில்லை. தலை சாய்த்து அலையின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார். “இப்போது” என்று அவர் மெல்லக் கூறிய நொடியில் சுடர்கள் இரண்டும் பாறையை விட்டு விலகின.

சற்று நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்ட அவ்விளைஞர்கள் வாசலில் வந்து நின்று, செல்வோரிடம் கைகுலுக்கினர். நாமும் ஒரு தாளை நீட்டினோம். பெற்றுக்கொண்ட கை குளிர்ந்து நடுங்கியது. அவர்களுக்குப் பின்னால், மெலிந்த சிறுவன் ஒருவன் உலர்ந்த துண்டுகளை ஏந்தி நின்றிருந்தான்.