மரத்தின் நிறை

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, கல்லூரி நினைவுகளைச் சுவைபட வரைதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர் என்பதை எண்ணி, யான் அறிந்த தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தேன். என் தொழில் மரம் அளத்தல். ஊருக்கு வரும்போதெல்லாம், "மர வியாபாரமோ?" என்று கேட்பவர் உண்டு. வெட்டாத மரத்தை அளந்து அதன் நிறை இவ்வளவு என்று கூறுவதே என் வேலை என்றால், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி.

வெயிலும் பனையும் கிணற்று நீருமாக வளர்ந்த யாழ்ப்பாணத்தவனுக்குச் சிங்கராச வனம் வேற்றுலகம். ஆண்டு முழுவதும் மழை. காலுறையைத் தாண்டி ஏறும் அட்டை. நண்பகலிலும் மாலையைப் போன்ற மங்கல் வெளிச்சம். 1970-களில் ஒட்டுப்பலகைக்கென இயந்திரங்களைக் கொண்டு மரந்தறித்த காடு அது. பொதுமக்களின் எதிர்ப்பினால் அவ்வேலை அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது. 1988-இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியால், 1990-களில் 25 ஹெக்டேயர் நிலம் அளந்து குறிக்கப்பட்டது. ஒரு சதம மீற்றர் விட்டமுள்ள குச்சி முதற்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், ஓர் இடம், ஓர் அளவு. அவ்வாறு கணக்கெடுக்கப்பட்டவை ஏறத்தாழ இரண்டு இலட்சம். இம்முறைக்கு வழிகாட்டியாய் அமைந்தது பனாமாக் கால்வாயிலுள்ள பாரோ கொலராடோத் தீவு. ஹபல், ஃபொஸ்டர் என்னும் இருவர் 1980-இல் அங்கு 50 ஹெக்டேயரில் இப்பணியைத் தொடங்கினர். இன்று உலகின் பல வனங்களில் இதே விதிகளின்படி அளக்கிறார்கள். ஆகவே சிங்கராசத்து மரத்தைப் பனாமாவின் மரத்தோடு ஒப்பிடலாம்.

விதிகள் எளியவை போற் தோன்றும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடாவைச் சுற்றி விட்டத்தைப் படிக்க வேண்டும். சரிவான நிலமாயின் மேற்பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். எண் பொறித்த அலுமினியத் தகட்டின் ஆணி அளக்கும் இடத்திற் படலாகாது. ஆணி பட்ட இடம் வீங்கும், வீக்கம் வளர்ச்சியெனக் கணக்கிற் சேரும். நாடாவில் இருப்பது பரிதியன்று. பரிதியைப் பையால் வகுத்தே கோடுகள் இடப்பட்டுள்ளன. முதன்முதல் அந்நாடாவைக் கையில் வாங்கிய அன்று, கேத்திரகணித ஆசிரியரின் வெண்கட்டி படிந்த விரல்கள் கண்முன் வந்தன.

தொல்லை தருபவை பெருமரங்களே. மழைக்காட்டின் பெருமரங்கள் பலவற்றுக்கு அடியிற் பலகைபோன்ற வேர்கள் ஆளுயரத்துக்கும் மேலெழுந்து நிற்கும். அவ்விடத்தில் நாடாவைச் சுற்றினால் மரத்தை அன்று, வேர்களுக்கிடையேயுள்ள வெறுவெளியையும் சேர்த்தே அளந்தவராவோம். ஆதலால் ஏணி வைத்து, பலகைவேர் முடியும் இடத்துக்கு அரை மீற்றர் மேலே ஏறி அளத்தல் வேண்டும். ஏணியை ஈரமண்ணில் நிறுத்தி, ஒருவர் பிடிக்க, மற்றவர் மரத்தைத் தழுவியபடி நாடாவை மறுபுறம் எறிவார். ஐந்தாண்டு கழித்து மறுபடி போனால் பலகைவேரும் மேலே வளர்ந்திருக்கும். அளக்கும் இடத்தையும் உயர்த்தியாக வேண்டும். மேலே போகப்போக மரம் ஒடுங்குவதால், கொழுத்த மரம் கணக்கில் மெலிந்துபோகும்! இதற்கொரு பரிகாரம் உண்டு. புதிய இடத்தை முதன்முதல் அளக்கும் நாளில் பழைய இடத்தையும் அளந்து, இரண்டையும் ஏட்டிற் பதிவது. மழைக்காடுகள் வளர்கின்றனவா தேய்கின்றனவா என்று அறிஞர் உலகில் நடந்த வாதங்களுள் ஒரு பகுதி, இப்பலகைவேரைச் சுற்றி நாடா எங்கே கிடந்தது என்பதைப் பற்றியதே.

உயரம் அளத்தல் எமது கல்லூரியின் திரிகோணகணிதந்தான். மரத்திலிருந்து இத்தனை மீற்றர் தள்ளி நின்று, உச்சியை நோக்கும் கோணத்தின் தாஞ்சனை அத்தூரத்தாற் பெருக்கிக் கண்மட்டத்தைக் கூட்டு. கொடிக்கம்பத்தை அளக்க இது போதும். ஆனால் காட்டு மரத்தின் உச்சி கீழிருப்பவனுக்குத் தெரிவதில்லை. தன்னை நோக்கி நீண்டிருக்கும் ஒரு கிளையையே அவன் உச்சியென்று காண்பான். அக்கிளை அடிமரத்தினும் அருகில் இருப்பதால், தாஞ்சன் கணக்கு மரத்தை உள்ளதினும் உயரமாக்கிவிடும். லேசர்க் கருவி வந்தபின் சாய்தூரத்தையே அளந்து சைனாற் பெருக்குகிறோம். உச்சியைத் தவறவிட்டால் விடை சிறிது குறையுமேயன்றி மிகாது. குறைத்துக் கூறும் கருவியையே யான் விரும்புவேன்.

மூன்றாவது அளவு மரத்தின் அடர்த்தி. பென்சிலளவு துண்டொன்றைத் துளைகருவியால் எடுத்து, நீரில் அமிழ்த்தி ஆர்க்கிமிடீசின் முறைப்படி கனவளவு கண்டு, பின் 105 பாகைச் சூட்டில் உலர்த்தி நிறுக்க வேண்டும். நாகமரம் நீரில் தாழ்ந்துவிடத்தக்க கனமுடையது. அதை இரும்புமரம் என்பது வீண் புகழ்ச்சியன்று. திறந்த வெளியில் விரைந்து முளைக்கும் மரங்களோ அதில் பாதி அடர்த்தியுமில்லாதவை. எனவே ஒரே பருமனும் ஒரே உயரமுமுள்ள இரு மரங்களில் ஒன்று மற்றையதைப்போல் இருமடங்கு நிறையுடையதாகலாம். மரத்தின் பெயர் தெரியாமல் நிறை கூற முடியாது. பெயர் தெரிந்தவர்களோ பெரும்பாலும் காட்டோரக் கிராமத்தவர்கள். கித்துள் சீவி வளர்ந்த முதியவர் ஒருவர் எங்களுடன் வருவார். யான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் இலையொன்றைக் கசக்கி முகர்ந்து, "மாத்தையா, அது இல்லை, இது வேறை" என்பார். மறுநாள் உலர்தாவரச் சாலையில் ஒப்பிட்டால் அவர் சொன்னதே சரியாயிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் அத்தகையோருக்கு ஈற்றில் ஒருவரி நன்றி கிடைக்கும். அது போதாதென்பது என் எண்ணம்.

இம்மூன்றும் கிடைத்தபின் சூத்திரம் வருகிறது. பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஷாவும் அவருடன் உழைத்தோரும் 2014-இல் வெளியிட்டது இன்று பெருவழக்கில் உள்ளது. அடர்த்தியையும் விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதனை 0.976 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆற் பெருக்கினால், நிலத்துக்கு மேலுள்ள உலர்நிறை கிலோகிராமில் வரும். 60 சதம மீற்றர் விட்டமும் 32 மீற்றர் உயரமும் 0.6 அடர்த்தியுமுள்ள மரத்துக்கு இது ஏறத்தாழ 3,560 கிலோகிராம். ஒரு சதம மீற்றர் விட்டமும் இரண்டரை மீற்றர் உயரமுமுள்ள கன்றுக்கோ சுமார் 100 கிராம். ஒரு பெருமரத்தை ஈடுசெய்ய முப்பத்தையாயிரம் கன்றுகள் வேண்டும்! மரநடுகை விழாக்களில் கன்றுகளின் எண்ணிக்கை வாசிக்கப்படும்போது இக்கணக்கு என் நினைவிற்கு வரும். உலகின் 48 காட்டு நிலங்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வும், மரங்களுள் மிகப் பெரிய நூற்றுக்கு ஒன்றே மொத்த நிறையில் ஏறக்குறைய பாதியைத் தாங்குகிறது என்று கண்டது. விட்டத்தைப் பத்து வீதம் மிகுத்துப் படித்தால் நிறை இருபது வீதம் மிகும் என்பதையும் மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இச்சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட மாணவன் ஒருவனுக்கு விடை கூறியபோது அவன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். 58 இடங்களில் 4,004 மரங்களை வெட்டி வீழ்த்தி, அடிமரம், கிளை, இலை எனத் துண்டு துண்டாக நிறுத்துப் பெற்றது அது. மரத்தை நிறுப்பதற்கு வேறு வழியில்லை. அவை வீழ்ந்தபடியாற்றான் மற்ற மரங்களை நிற்கவிட்டு நிறை சொல்ல முடிகிறது. அப்படியிருந்தும் ஒரு தனிமரத்துக்குச் சொல்லும் விடை பாதியளவுக்குத் தவறக்கூடும். ஒரு ஹெக்டேயர் முழுவதையும் கூட்டும்போது பிழைகள் பெரிதும் ஒன்றையொன்று ஈடுசெய்து பத்து வீதத்தளவில் நிற்கும். ஆதலால் என் மாமரத்தின் நிறை என்னவென்று என்னைக் கேட்பவரிடம் யான் நழுவிவிடுவேன்.

நம் பனைக்கு இச்சூத்திரம் அறவே உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். வடலிப் பருவங் கடந்தபின் பனை உயருமேயன்றி ஆண்டுதோறும் பருப்பதில்லை. பாட்டன் கட்டிப்பிடித்த பனையைப் பேரனும் அதே அளவாகவே கட்டிப்பிடிப்பான். பனைக்கு உயரமே கணக்கு.

நிறையில் ஏறத்தாழ 47 வீதம் காபன். மேற்சொன்ன மரத்தில் 1,670 கிலோகிராம் காபன் உண்டு. அது வளியிலிருந்து எடுத்த காபனீரொட்சைட்டு ஆறு தொன்னுக்குச் சற்று மேல். இக்காபன் இன்று விலைபோகிறது. தொன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படும் காலத்தில் பலகைவேரின் மேலே ஏறுவதா, கீழே சுற்றுவதா என்பது பணவிடயமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு நிறுவனத்தார் தம் காட்டின் காபன் கணக்கை அனுப்பி, சரிபார்த்துக் கையொப்பமிடக் கேட்டனர். உயரங்கள் யாவும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டவை. மரங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அடர்த்தி எல்லாவற்றுக்கும் ஒன்றே. இருபது மரங்களையாவது எனக்குக் காட்டுங்கள் என்று எழுதினேன். வேறொருவர் கையொப்பமிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

2025 ஏப்பிரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், காடுகளின் நிறையை அளப்பதற்கென்றே ஒரு செய்மதியை ஏவியது. அதன் நீண்ட ரேடார் அலைகள் இலைகளை ஊடுருவி அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் பட்டுத் திரும்புவன. இனி உங்களுக்கு வேலையிராது என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். செய்மதி காண்பது எதிரொலியை. அந்த எதிரொலி எத்தனை தொன் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, கீழே ஒருவர் நாடாவோடு சுற்றிவந்த நிலம் வேண்டும்.

மறுகணக்கெடுப்பிற் செத்த மரங்களையும் தேடிப் பதிகிறோம். விழுந்த பெருமரத்தின் எண்தகட்டைக் கண்டுபிடிக்கச் சிலவேளை அரைநாள் செல்லும். உக்கிய பட்டையையும் சருகையும் கையால் விலக்கி, அட்டைகளை உதறி உதறித் தேட வேண்டும். தகடு கிடைத்ததும் அந்த எண்ணுக்கு எதிரே இறந்தது என்று எழுதி, தகட்டைப் பையிலிடுவோம். பிறகு அம்மரம் திறந்துவிட்ட வெளிச்சத்தில் ஒரு சதம மீற்றரை எட்டிவிட்ட கன்றுகளுக்குப் புதிய தகடுகளைக் கட்டத் தொடங்குவோம். அதற்குள் மழை வந்துவிடும்.