ஒரு கைத்துப்பாக்கியின் விலை

இலக்கியம் பேசக் கூடும் நண்பர்களிடையே கைத்துப்பாக்கி வாங்குவதைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சொல்லாராய்ச்சி என்று தொடங்கினால் ஒருவேளை மன்னிப்புக் கிடைக்கும். துப்பாக்கி என்னும் சொல் துருக்கியமொழி வழியாக நம்மிடம் வந்தது. அதே எழுத்துக்கோவை திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், உணவை உண்டாக்கி என்னும் பொருளில் முன்பே இருக்கிறது. உணவைத் தரும் மழையைச் சொன்ன ஒலி, உயிரைப் பறிக்கும் கருவிக்கும் பெயராகிவிட்டதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் எங்களை இதை எழுத வைத்தது அந்தச் சொல்லின் விந்தை அன்று. எங்கள் மைத்துனரின் அச்சம்.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர் அவர். பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வர, அவற்றைத் தறிக்காரர்களுக்குக் கொடுத்துச் சேலையாக வாங்கி, காஞ்சிபுரத்துக் கடைகளுக்கும் வெளியூர்களுக்கும் கொண்டுசேர்ப்பது தொழில். இத்தொழிலில் பணம் இன்றும் ஓரளவு கைக்குக் கைதான் மாறுகிறது. சென்ற ஆண்டு அவருக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரை இரவில் வழிமறித்துப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். கையில் வெட்டும் விழுந்தது. அடுத்த மாதமே, செய்யாற்றிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் தம் வண்டியை நெடுந்தூரம் பின்தொடர்ந்ததாக மைத்துனர் சொன்னார். அது திருடர்களோ, வீடு திரும்பும் யாரோ, தெரியாது. அன்றிலிருந்து அவர் சரியாக உறங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “மாமா, ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். சட்டம், விண்ணப்பமெல்லாம் நீங்கதான் படிச்சுச் சொல்லணும். விலை கொஞ்சம் கட்டுப்படியா இருக்கணும். நம்ம பாப்பாவும் அதிலேயே பழகிக்கலாம்” என்றார். பாப்பா என்றது பத்தொன்பது வயதான மகளை. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, .22 துப்பாக்கியால் இலக்கைச் சுட்டுப் பாராட்டுப் பெற்றவள். தந்தையின் பாதுகாப்பு, மகளின் விளையாட்டு இரண்டுக்கும் ஒரே ஆயுதம். வியாபாரியின் கணக்கு அது. தமிழ் கற்பிப்பவர்களிடம் கேட்கும் கேள்வியா என்று நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. உரையாசிரியர்களோடு பழகியவர்களுக்குச் சட்ட நூலும் ஒரு நூல்தானே. சில மாலைகள் அதில் கழிந்தன.

இந்தியரின் கையிலிருந்த ஆயுதத்தை உரிமத்துக்கு உட்படுத்தியது லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம். விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் எங்களை நிறுத்திய ஒரு வரி உண்டு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது பதினான்காம் பிரிவு. ஏழைக்கும் காக்க ஓர் உயிர் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அந்த ஏழை துப்பாக்கியை எந்தப் பணத்தில் வாங்குவார் என்பது சட்டத்தின் கவலை அன்று.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளைப் படித்தபோது மைத்துனரின் கணக்கு முதலிலேயே உடைந்தது. தொழிலின் தன்மையால் உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ள வேண்டிய மெய்யான தேவை உள்ளவர் என்பது ஒரு வகை. உரிமம் பெற்ற சுடுதல் சங்கத்தில் இரண்டாண்டு உறுப்பினராக இருந்து, இலக்குப் பயிற்சியைத் தொடர விரும்பும் விளையாட்டு வீரர் என்பது வேறொரு வகை. தந்தை முதல் வகையில் விண்ணப்பிக்கலாம். மகளோ இருபத்தொரு வயது நிறையாதவள். முறைப்படி அமைந்த பயிற்சியில் சுடலாமே தவிர, துப்பாக்கி ஒன்றைத் தனதாக வைத்துக்கொள்ள முடியாது. தந்தையின் பெயரில் வாங்கியதை வீட்டுப் பொதுப்பொருள் போல எடுத்துப் பழகவும் முடியாது. உரிமம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதன்று.

எங்கள் மாவட்டத்தில் உரிமம் தருபவர் திருவண்ணாமலை ஆட்சியர். விண்ணப்பம் காவல்துறை விசாரணைக்குப் போகும். உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று, கையாளும் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி எல்லாம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. திருமணத்தில் வானை நோக்கிச் சுட்டுக் கொண்டாடுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தேர்தல் வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம்.

இனிச் சந்தை. படையினரும் காவலரும் ஏந்தும் 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. எனவே கைத்துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் .32 தான். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களிலேயே அடைக்கப்பட்டது. முன்பே உள்ளே வந்த பழையவை கைமாறும்போது பல லட்சம் கேட்கின்றன. நீண்டகாலமாக நம்மவர் வாங்கியவை அரசுத் தொழிற்சாலைகளின் தயாரிப்புகளே. கான்பூரின் .32 ரிவால்வர் ஆறு தோட்டா கொள்வது. 2014இல் அங்கிருந்து டைட்டானியக் கலவையில், ஏறத்தாழ அரைக் கிலோ எடையில், பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ வந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் தாக்கப்பட்டு உயிரிழந்த பெண்ணுக்கு நாடு சூட்டிய பெயரின் சாயல் அதில் உண்டு. வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். பேருந்தில் போகும் எந்தப் பெண் அதை வாங்குவார் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், அவற்றுள் ஒன்று 2023இல் ‘பிரபல்’ என்னும் ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஐம்பது மீட்டர் வரை செல்லும் என்பது அதன் பெருமை.

ஆக, கட்டுப்படியான கைத்துப்பாக்கி என்று ஒன்றைத் தேடினால், ஆரணிப் பட்டுத்தறியில் அமர்ந்து நெய்பவரின் பல மாதக் கூலி போய்விடும். மைத்துனரால் அதைக் கொடுக்க முடியும். எங்களை உறுத்தியது கடைக்காரரிடம் கொடுக்கும் விலை அன்று.

எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே வரையறுக்கப்படுகிறது. அவற்றை எண்ணி வாங்க வேண்டும், செலவிட்டதற்குக் கணக்கு வேண்டும். சுட்டுப் பழக உரிமம் பெற்ற களம் வேண்டும். அது ஆரணியில் இல்லை. தறியைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். நாடாவை எறியும் கை, பாவைப் பிரிக்கும் கால், இழை அறுந்ததைக் கண்ணுக்கு முன்பே உணரும் விரல், இவையெல்லாம் பல்லாயிரம் முறை செய்து வந்தவை. ஆண்டுக்கு இருபது முறை தறியில் உட்கார்பவரை நெசவாளி என்போமா? ஆனால் ஆண்டுக்கு இருபது தோட்டா கூடச் சுடாதவரைப் பாதுகாப்புப் பெற்றவர் என்று நம்புகிறோம்.

இவ்விடத்தில் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலவில்லை. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன அவன் ஆயுதங்கள். அதியமானுடையவையோ போரில் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்வது போன்ற அந்த இகழ்ச்சி தொண்டை நாட்டு மன்னனுக்கு. நாங்கள் வாழ்வதும் தொண்டை நாட்டில்தான். பீரோவில் பட்டுத்துணி சுற்றி, மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டு வைக்கப்படும் ரிவால்வர், பீலி சூடிய படைக்கலம் அன்றி வேறென்ன?

பயன்படாமல் கிடந்தால்கூடப் பரவாயில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. ஒன்றாகப் பல படங்களில் நடித்த இருவர். பேச்சுக்கு நடுவே எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கி வெடித்து எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். இருவரும் பிழைத்தனர், ஆனால் அந்தக் குரல் பழையபடி திரும்பவில்லை. நெடுஞ்சாலைக் கள்வர்கள் எவரும் அந்த அறையில் இல்லை. கைத்துப்பாக்கி தான் வாங்கப்பட்ட காரணத்துக்காகவே காத்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. வீட்டின் சினமும் குடியும் மனச்சோர்வும் அதற்கு மிக அருகில் இருக்கின்றன.

இவற்றை மைத்துனரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எல்லாம் சரி மாமா. போலீஸ் வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது?” நேர்மையான கேள்வி. தற்காப்பு உரிமையை நம் சட்டம் மறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் அதை விரிவாகவே தந்திருக்கிறது. இருட்டில் தனியே நிற்பவரின் அச்சத்தைப் புறநானூறு சொல்லிப் போக்கிவிட முடியாது என்பதையும் நாங்கள் அறிவோம். ஆகவே முதலில் ஒரு களத்துக்குப் போய்வருவோம், பிறகு விண்ணப்பத்தை நிரப்புவோம் என்றோம்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் சென்னையிலுள்ள ஒரு பயிற்சிக் களத்தில் அனுமதி கிடைத்தது. மூவரும் போனோம். அங்கே பெரும்பாலோர் பழகியது பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டலில். வெடிமருந்து இல்லை, அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. .177 அளவும் இருபது ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள இவ்வகைக்கு 2016 விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. நம் நாட்டுத் தயாரிப்பில் தொடக்க நிலைப் பிஸ்டல்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். பன்னாட்டுப் போட்டிக்குரிய வெளிநாட்டுப் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இந்தப் பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டலில்தான், ஒன்று தனியாக, மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன்.

இலக்குத்தாளின் நடுவே பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் சட்டைப் பொத்தான். அதைச் சூழ்ந்த கறுப்பு வட்டம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். பயிற்சியாளர் மைத்துனரை நிறுத்தி, கால் வைக்கும் முறை, தோள், மூச்சு, விசையைச் சுண்டாமல் மெல்ல அழுத்துவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிறகு பத்துக் குண்டுகள் கொடுத்தார்.

குளிரூட்டப்பட்ட அறை. நல்ல வெளிச்சம். துரத்துபவர் யாருமில்லை. இலக்கு அசையவில்லை. பத்தில் இரண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மூன்று தாளிலேயே படவில்லை. மைத்துனர் தாளை வாங்கித் துளைகளை இருமுறை எண்ணினார். சேலையில் பிழை தேடும்போது எண்ணும் அதே கவனம். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்து மகள் நின்றாள். அவளுக்கு ஏழு உள்ளே விழுந்தன. “கை நடுங்குது மாமா, ஆனா நடுங்குறது தெரியுது” என்றாள். பயிற்சியாளர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையசைத்தார்.

ஊர் திரும்பும்வரை மைத்துனர் அதிகம் பேசவில்லை. அந்த மாதமே மகளுக்கு ஒரு காற்றுப் பிஸ்டல் வாங்கினார். மாடியில், பின்னே தடித்த பலகையும் கனத்த துணியும் வைத்து, யாரும் குறுக்கே வராதபடி கதவைத் தாழிட்டு அவள் நாள்தோறும் அறுபது குண்டுகள் சுடுகிறாள். போட்டியிலும் அறுபதுதான். மாதம் ஒருமுறை சென்னைக் களத்துக்குப் போய்வருகிறாள்.

மைத்துனரின் ஏற்பாடுகள் வேறுவகை. பெருந்தொகைகளை வங்கி வழியே மாற்றும்படி கடைக்காரர்களிடம் கேட்டார். சிலர் முகம் சுளித்தனர், பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். சரக்குக்குக் காப்பீடு எடுத்தார். இருட்டிய பின் புறப்படுவதில்லை; புறப்பட்டே ஆக வேண்டுமானால் துணைக்கு ஓர் ஆள். இதனால் சில நாள் வியாபாரம் தள்ளிப்போகிறது. அந்த இழப்பை அவர் கணக்கில் எழுதி வைக்கிறார். அச்சம் முழுதும் போய்விட்டதா என்று நாங்கள் கேட்பதில்லை. கைத்துப்பாக்கி வேண்டாம் என்று அவர் இதுவரை சொன்னதும் இல்லை. நிரப்பப்படாத விண்ணப்பமும் மூன்று குண்டுகள் தப்பிய அந்த இலக்குத்தாளும் அவருடைய கணக்குப் புத்தகத்துக்குள் ஒன்றாக இருக்கின்றன.